பன்னிரண்டு சீசன் சேர்

அத்தியாயம் 14

தார்ப்பாயை உருவியதும் லாரிக்குள்ளிருந்து ஒரு மயில் கனிமொழியை முறைத்தது.

மயில் மட்டுமில்லை. அதற்குக் கீழே ரத்தச் சிவப்பில் வெல்வெட்டு மெத்தை, இரண்டு கைப்பிடியிலும் வாயைப் பிளந்த சிங்கம், நான்கு கால்களிலும் தங்கப் பூச்சு. கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற நாற்காலி, பந்தல்காரர் வழக்கில் சீசன் சேர். ஒன்றல்ல, பன்னிரண்டு.

"இன்னா நைனா இது?"

கோதண்டம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் பெருமை வழிந்தது.

"நீ கேட்டதுதாம்மா. சீசன் சேர் பன்னெண்டு. வைகாசி முகூர்த்தம், எங்கயும் ஒரு சேர் சிக்கல. நம்ம குடோன்ல கீறது நாலு. மீதி எட்டையும் வானகரத்துல மச்சான்கிட்ட கையக் காலப் புட்ச்சி வாங்கியாந்தேன்."

"நான் எப்போ சீசன் சேர் கேட்டேன்?"

"வாட்சப்புல போட்டியே."

அவர் போனை நீட்டினார். மாநாட்டுக்காரர்கள் கொடுத்ததை அவள் அப்படியே அனுப்பிய பட்டியல்தான். மேடை சோபா ஐந்து. மைக் ஆறு. பிளாஸ்டிக் சேர் முந்நூறு. தண்ணீர் கேன் நாற்பது. அதற்குக் கீழே, செஷன் சேர் பன்னிரண்டு.

லாரியின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து அண்ணன் தினகரன் தலையை நீட்டினான். "செஷன்னா இன்னான்னு நைனா என்னியக் கேட்டுச்சு. ஸ்பெல்லிங் மிஸ்டேக், சீசன்னு படின்னு நான்தான் சொன்னேன். தப்பா, புரபசர்?"

கனிமொழி அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள்.

செஷன் சேர் என்றால் சாமானே இல்லை. ஆள். கட்டுரை படிக்கிற ஒவ்வோர் அமர்வுக்கும் தலைமை தாங்கி, நேரம் பார்த்து, மணி அடித்து, கேள்வி கேட்கிற அறிஞர். இந்த வார்த்தையை அவள் நூறு முறையாவது படித்திருப்பாள். ஆனால் மைக்குக்கும் தண்ணீர் கேனுக்கும் கீழே வந்தபோது அவளுக்கும் அது நாற்காலியாகத்தான் தெரிந்தது. பந்தல்காரர் கோதண்டத்தின் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சேர் என்றால் ஒரே பொருள்தான். எண்ணி ஏற்றுவது, எண்ணி இறக்குவது.

ஆக, பன்னிரண்டு நாற்காலி வந்துவிட்டது. அவற்றில் உட்கார வேண்டிய பன்னிரண்டு பேரை யாரும் அழைக்கவே இல்லை. மணி ஏழரை. முதல் அமர்வு பதினொன்றுக்கு.

போன வாரம் இதே கனிமொழி பிரின்சிபால் உலகநாதனின் மேசைக்கு முன்னால் நின்று, "வாய்வார்த்தை வேண்டாம் சார், எழுத்தில் கொடுங்க" என்று கேட்டுவிட்டு, வெறும் வாய்வார்த்தையோடு திரும்பி வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாய்வார்த்தை இன்றைய நாளைத்தான் நம்பியிருந்தது.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இருக்கும் இந்த உறுப்புக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகம் நிதியைக் குறைத்துவிட்டு, உங்கள் வருமானத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. மே மாதம் முழுக்க அரங்குகள் பூட்டிக் கிடக்கின்றன, விடுதி அறைகள் காலி. அவற்றை மாநாடு நடத்துகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஆறு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுத்தவள் பொருளாதாரத் துறையின் கௌரவ விரிவுரையாளர் கனிமொழி. முதல் வாடிக்கையாகத் தென்மாநில நிலத்தடி நீர் ஆய்வாளர் பேரவையைப் பிடித்து வந்தவளும் அவளே. இன்று எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவர்கள் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடுவார்கள். ஒப்பந்தம் வந்தால் கல்லூரியில் மாநாட்டுப் பிரிவு. பிரிவு வந்தால் அதற்கு ஒரு நிரந்தரப் பணியிடம்.

"அது உனக்குத்தாம்மா" என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். கோதண்டத்தின் வம்சத்தில் நிரந்தரம் என்ற வார்த்தையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்ட முதல் ஆள் அவள்.

எட்டு மணிக்கு உலகநாதன் காரிலிருந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டார். சிங்க முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"நம்ம புரொபசர்கள் எல்லாரும் பேப்பர் திருத்தப் போயிருக்காங்களேம்மா."

"தெரியும் சார். ஆனா புக்கிங் ஃபாரத்துல அமர்வுத் தலைவர்கள் கல்லூரிப் பொறுப்புன்னு டிக் போட்டது நீங்க."

"எல்லாத்துக்கும்தான் டிக் போட்டேன். அப்பதானே வருவாங்க?" குரலைத் தணித்தார். "விடு. அவங்களே மேடையேறிப் படிச்சிட்டு இறங்கட்டும். மணி அடிக்க ஒரு ஸ்டூடன்ட் போதும். இவங்க வர்றது சர்டிபிகேட்டுக்கு. யாரு கேக்கப் போறா?"

இந்தக் கேள்விதான் மூன்று வாரமாகக் கனிமொழியையும் குடைந்துகொண்டிருந்தது, வேறு விதமாக. இவர்கள் எதற்கு வருகிறார்கள்? நகரத்துக்குள் குளுகுளு ஹோட்டல் எத்தனையோ இருக்க, ஆவடிக்கு வந்து ஏரிக் கொசுவில் தங்கி, கைக்காசைக் கட்டி, ஒருவர் பேச இன்னொருவர் கேட்பதில் என்ன கிடைக்கிறது? நாம் விற்பது அரங்கையா, அறையையா, சாப்பாட்டையா? மாணவியாக அவள் பார்த்த ஒரே மாநாட்டில் டீ டோக்கன் கொடுத்துக்கொண்டு வெளியே நின்றாள். உள்ளே நடந்தது தெரியாது.

"நான் ஆள் கொண்டு வரேன் சார்."

"பன்னெண்டு பேரா? மூணு மணி நேரத்துலயா?"

"மூணு ஹால், ஒவ்வொண்ணுலயும் நாலு அமர்வு. பதினொரு மணிக்கு மூணு பேர் இருந்தாப் போதும். மத்தவங்க மூணு மூணு பேரா வரட்டும்."

"அவ்ளோ டாக்டரேட்டு எங்கம்மா சும்மா இருக்கு?"

இருக்கிறது. அம்பத்தூரில், ஆவடியில், பூந்தமல்லியில், வாடகை வீடுகளில் இருக்கிறது. மே மாதம் கௌரவ விரிவுரையாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. எல்லோரும் வீட்டில்தான். பத்து வருடம், பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியவர்கள். எந்த மேடையிலும் ஒரு மூலை நாற்காலிகூடக் கிடைத்ததில்லை. விழா என்றால் வாசலில் நின்று பன்னீர் தெளித்தவர்கள்.

அவள் முதலில் இருதயராஜை அழைத்தாள். நிலவியலில் முனைவர். நிலத்தடி நீரில் ஆறு வருட ஆராய்ச்சி. இதே கல்லூரியில் பதினோராம் வருடக் கௌரவம்.

"சார், எங்க இருக்கீங்க?"

"மச்சினன் ஜெராக்ஸ் கடையில. ஆதார் கார்டு காப்பி எடுத்துக்கிட்டிருக்கேன். சொல்லு கனி."

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"சேர்மனா? என்னையா?"

"உங்களையேதான்."

"பிரின்சிபாலுக்குத் தெரியுமா?"

"பதினொரு மணிக்குத் தெரியும்."

"சட்டை அயர்ன் பண்ணலியேம்மா."

"நீங்க உக்காரப்போற சேரைப் பாத்தா உங்க சட்டைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க சார். கிளம்பி வாங்க."

அவர் வழியிலேயே மூன்று பேரைப் பிடித்தார். பூந்தமல்லியிலிருந்து வேதியியல் சாவித்திரி ஸ்கூட்டரில் கிளம்பினாள். காட்டுப்பாக்கத்திலிருந்து ஒருவர் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். பத்தரைக்குள் பதினொரு பேர் உறுதி. பன்னிரண்டாவது ஆள், "மேடையில என் பேர சொல்வாங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்வார்கள் என்றதும் போனை வைத்துவிட்டார்.

பேரவையின் செயலாளர் ஸ்ரீநாத் இரண்டாவது அரங்கில் நுழைந்தபோது கோதண்டம் மேடையில் சிங்க நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்ரீநாத் ஐம்பதைத் தாண்டியவர். எதையும் குனிந்து உற்றுப் பார்க்கிற பழக்கம். குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

மழுப்ப ஒரு நிமிடம் இருந்தது. கனிமொழிக்கு மழுப்ப வராது.

"என் தப்பு சார். லிஸ்ட்ல நீங்க ஆளக் கேட்டிருந்தீங்க. நான் நாற்காலின்னு படிச்சிட்டேன். இவர் எங்கப்பா, பந்தல் காண்ட்ராக்ட். கேட்டதைக் கொண்டு வந்துட்டார். உக்கார்ற ஆளுங்களும் வந்துட்டிருக்காங்க. எல்லாரும் முனைவர்கள். ஆனா யாரும் நிரந்தரமில்ல, கௌரவ விரிவுரையாளர்கள். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

ஸ்ரீநாத் அவளையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உக்காந்து பாக்கலாமா?"

"தாராளமா உக்காரு சார்" என்றார் கோதண்டம். "நூத்தி இருபது கிலோ மாப்ள ஒக்காந்தான், ஒண்ணும் ஆவல."

ஸ்ரீநாத் உட்கார்ந்தார். இரண்டு சிங்கத்தின் மேலும் கையை வைத்தார். "இருக்கட்டும், எடுக்காதீங்க" என்றார். சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

பதினொரு மணி அமர்வில் கனிமொழி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வேலை ஆயிரம் கிடந்தது. ஆனால் உள்ளே என்னதான் நடக்கிறது என்று இந்த ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

அபிஷேக் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைப் பற்றிப் படித்தார். படித்தார் என்றால் ஓடினார். திரையைப் பார்த்தபடி, மூச்சு விடாமல். கேட்பவர்கள் போனில் இருந்தார்கள். பிரின்சிபால் சொன்னது சரிதானோ என்று அவளுக்கே தோன்றியது.

இருதயராஜ் மணியை அடித்தார். மயிலுக்கு முன்னால் நுனியில், சறுக்கி விழுந்துவிடுவாரோ என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். சட்டை கசங்கித்தான் இருந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் தம்பி. நாலாவது கிணத்துல நீங்க மட்டம் அளந்தது மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அபிஷேக் திரும்பினார். காலையிலிருந்து முதல் முறையாக அவர் யாருடைய முகத்தையோ பார்க்கிறார் என்று கனிமொழிக்குப் பட்டது.

"பின்னாடி சார். ரெண்டு நாள் கழிச்சு."

"மத்த கிணறெல்லாம்?"

"முன்னாடி."

"அப்ப அந்தக் கோடு மேல ஏறுதே, அது ஏரி பண்ண வேலையா, மழை பண்ண வேலையா?"

அரங்கில் சிரிப்பு கிளம்பியது. போன்கள் கீழே இறங்கின. அபிஷேக் சிவந்துபோய், பிறகு என்ன நினைத்தாரோ, தானும் சிரித்துவிட்டார். "அத இதுவரைக்கும் யாரும் கேக்கல சார். என் கைடுகூட."

"கெடுதல் ஒண்ணுமில்ல. அந்த ஒரு கிணத்த எடுத்துட்டு மறுபடி போட்டுப் பாருங்க. உங்க முடிவு நிக்கும்னுதான் நினைக்கிறேன்."

டீ இடைவேளையில் அபிஷேக் கோப்பையை ஆறவிட்டுக்கொண்டு இருதயராஜின் பின்னாலேயே நடந்தார். இன்னும் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் காகிதக் கோப்பையின் மேலேயே கிணறு வரைந்து காட்டினார்.

கனிமொழிக்குப் பிடிபட்டது. இவர்கள் வருவது அரங்குக்கு இல்லை. வருடக்கணக்கில் தனியாக உட்கார்ந்து செய்த வேலையை, விஷயம் தெரிந்த ஒருவர் கால்மணி நேரம் காதுகொடுத்துக் கேட்டு ஒரு கேள்வி கேட்கிறார் பாருங்கள், அதற்குத்தான். அது கிடைக்காத இடத்தில் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவள் எழுதிய ஆறு பக்கத் திட்டத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

கோதண்டம் ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா இந்த சேர் போடறேம்மா. இதுல ஒக்கார்றவன் வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. போட்டோவுக்குப் பல்லக் காட்டிகினு இருப்பான். இவரு இன்னா, கேள்வியா கேக்குறாரு?"

"அதுக்குத்தான் நைனா அந்த சேர்."

"அப்ப வாடக ஏத்தணும்" என்றார் அவர்.

மூன்றரைக்குத் தினகரன் மூன்றாவது அரங்கின் வாசலில் நின்று கையால் ஜாடை காட்டினான். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட காட்டுப்பாக்கம் ரிசப்ஷனுக்குச் சொந்த குடோன் நாற்காலி நான்கில் இரண்டு ஐந்து மணிக்குள் போக வேண்டும். ஒன்றில் சாவித்திரி உட்கார்ந்து, வாலாஜாவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் ஃப்ளோரைடு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். விஷயம் புரிந்ததும் எழுந்து நின்றாள். தினகரன் குனிந்தபடி வந்து நாற்காலியைத் தோளில் ஏற்றினான். சாவித்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்க, எத்தனை மாதிரி எடுத்தீங்க?" என்று நின்றுகொண்டே அமர்வை முடித்தாள். கைதட்டல் அவளுக்கா, மயிலுக்கா என்று சொல்வது கஷ்டம்.

ஐந்து மணிக்குப் பன்னிரண்டு பேருக்கும் பொன்னாடை. ஆபீஸ் கணக்குக்காகக் கனிமொழி அடித்து வைத்திருந்த தாளில் பெயர், துறை, கைபேசி எண், கையெழுத்து என்று வரிசையாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டாவது ஆள் தன் பெயரைச் சொன்ன ஒலிபெருக்கியை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

பிரின்சிபால் அறையில் ஸ்ரீநாத் ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"மூணு வருஷம். இன்னும் ரெண்டு சங்கத்துக்கும் நானே சொல்றேன். ஒரே ஒரு நிபந்தனை. அமர்வுத் தலைவர்கள் இதே பன்னெண்டு பேர். இத்தனை வருஷத்துல டீ பிரேக் முடிஞ்சும் எங்க ஆளுங்க பேசிக்கிட்டு நின்னது இன்னிக்குத்தான்."

உலகநாதன் முகம் மலர்ந்தது. "எல்லாம் நம்ம செலக்‌ஷன் சார்."

கனிமொழி அவரைப் பார்த்தாள். அவர் பார்க்கவில்லை.

ஸ்ரீநாத் பேனாவைத் திறந்தார். "மாநாட்டுப் பொறுப்பாளர்னு ஒரு இடம் இருக்கு. யார் பேர் போடட்டும்?"

"ரேகா மேடம்னு போடுங்க. காமர்ஸ் ஹெச்ஓடி."

"இன்னிக்கு அவங்களப் பாக்கலியே."

"பேப்பர் திருத்தப் போயிருக்காங்க. பர்மனென்ட் ஸ்டாஃப் பேர்தான் போடணும், ரூல் அப்படி." கனிமொழியின் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினார். "வேலை எல்லாம் கனிதான் பாத்துக்கும். என்னம்மா?"

கனிமொழி மேசைக்கு ஓர் அடி பக்கத்தில் வந்தாள்.

"பாத்துக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"அந்தப் பணியிடம் எனக்குன்னு போன வாரம் சொன்னீங்க. இப்ப பேரு அவங்களுக்கு, வேலை எனக்குங்கறீங்க. அப்போ இந்தப் பன்னெண்டு பேரையும் அவங்களே கூப்பிட்டுக்கட்டும். நான் யார் நம்பரையும் தர மாட்டேன்."

"கனிமொழி, வெளியாள் முன்னாடி..."

"வெளியாள் முன்னாடிதான் சார் சொல்லணும். தனியா சொன்னது நின்னதில்ல."

ஸ்ரீநாத் பேனாவை மூடினார். ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"திங்கட்கிழமை காலையில வரேன். பேர் முடிவாகட்டும். ஆனா அந்தப் பன்னெண்டு பேர் இல்லாம எனக்குக் கையெழுத்து இல்ல."

ஆறரை மணிக்கு லாரி வானகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னிருக்கையில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மச்சானின் எட்டு நாற்காலிகள் பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கின.

"நம்பர் தர மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னியா?" என்றான் தினகரன். "ஒன் வாய்க்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர் போடணும், புரபசர். வர்றத தொரத்தி உடறதுக்குன்னே படிச்சிகீற."

"அந்தாளு ஏமாத்தறான்டா."

"ஏமாத்தட்டுமே. நைனாவ எத்தினி பேரு ஏமாத்தல? மறுநாளு போயி அதே ஊட்டுல பந்தல் போடல?"

"அதனாலதான் நான் படிச்சேன்."

கோதண்டம் சாலையைப் பார்த்தபடி கேட்டார். "ஏம்மா, நம்பரு இல்லாங்காட்டி அந்தாளால ஒண்ணும் பண்ண முடியாதில்ல?"

"முடியாது நைனா. அந்தப் பன்னெண்டு பேரும் எனக்காக வந்தவங்க."

சொல்லி முடிக்கும்போது போன் அடித்தது. இருதயராஜ்.

"கனி, தனியா இருக்கியா?"

"லாரியில இருக்கேன். சொல்லுங்க சார்."

"பிரின்சிபால் கூப்பிட்டாரும்மா."

"பதினொரு வருஷமா உங்க நம்பர் வச்சுக்காத ஆளுக்கு இப்ப எப்படி..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பொன்னாடைத் தாள். கைபேசி எண் என்ற கட்டத்தை அவளே கோடு போட்டு அடித்திருந்தாள். பன்னிரண்டு பேருடையதும் வரிசையாக அவர் மேசையில் கிடக்கிறது.

"என்ன சொன்னார்?"

இருதயராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.

"மாநாட்டுப் பிரிவு பொறுப்பு. நிரந்தரப் பணியிடம். எனக்குத் தரேங்கறாரு. மத்த பதினொரு பேரையும் நான் கூட்டிட்டு வந்தாப் போதுமாம். பதினோரு வருஷம் கனி. என் மூத்தவ காலேஜ் சேரப்போறா. நான் கேட்டு வாங்கல, சத்தியமா."

திருவேற்காடு சிக்னலில் தினகரன் பிரேக் போட்டான். பின்னால் நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதின. அப்பாவும் அண்ணனும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கோபம் வரும் என்றுதான் அவளும் காத்திருந்தாள். வந்தது. ஆனால் யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"நீங்க இன்னா சொன்னீங்க?" கல்லூரிப் பேச்சு போய் வீட்டுப் பேச்சு வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார் இருதயராஜ். "அவரு லைன்லதான் இருக்காரு. ஹோல்டுல போட்டுட்டு உன்னக் கூப்பிட்டேன். நான் என்ன சொல்லட்டும், கனி?"